ஏழாம் மாதத்து மசக்கை

“பெண் பிறந்தது. தாயும் சேயும் நலம்.”

1962ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் என் அப்பா பென்சிலால் எழுதி வைத்த குறிப்பு இது. ஊர்ப் பிறப்புப் பதிவில் என் தங்கையின் பிறந்த தேதி இதற்கு ஒரு நாள் தள்ளி இருக்கிறது. விடிவதற்கு முன் பிறந்த பிள்ளையை அப்பா முந்திய நாள் கணக்கில் சேர்ப்பார். சர்க்கார் அப்படிச் சேர்ப்பதில்லை. ஆகவே இரண்டும் சரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். தேதியைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்த ‘நலம்’ என்ற சொல். ஆடி தொடங்கிக் கார்த்திகை வரை எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்காக நடந்ததெல்லாம் அப்பாவின் குறிப்பில் இல்லை. அவர் நடந்து முடிந்ததை மட்டும் எழுதுகிறவர்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆமத்தூரில் எங்களுக்குக் கரிசல் நிலம் இருந்தது. பருத்தியும் கம்பும் போடுவோம். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா ஆகிய நால்வர். அத்தை இள வயதிலேயே கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அப்பாவை வளர்த்ததே அவள்தான் என்பார்கள். நிலம் அப்பா பெயரில் இருந்தது, அகப்பை அத்தை கையில் இருந்தது.

அம்மா நெல் விளைகிற ஊரிலிருந்து வந்தவள். வத்திராயிருப்புப் பக்கம், மலையடிவாரம். கல்யாணமாகி வந்த புதிதில் கம்பங்களியை வாயில் போட்டு மென்றாளாம். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துக் கைக்குழந்தைக்கும் தெரியும். அம்மா மென்ற கதையைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நெல்லுச்சோறு தின்று வளர்ந்த பிள்ளையை ஏன் வதைக்க வேண்டும் என்று, அன்றுமுதல் அம்மாவுக்கு மட்டும் தனியாக அரிசி பொங்கினாள். நாங்கள் எல்லாரும் கம்பும் முருங்கைக்கீரையும் மொச்சையும் கருவாடும் தின்போம். அம்மா வெள்ளைச் சோற்றில் தெளிந்த ரசம் ஊற்றிச் சாப்பிடுவாள். வீட்டிலேயே உயர்ந்த சாப்பாடு அவளுக்குத்தான். தாழ்ந்த சாப்பாட்டைத் தின்றவர்கள் கிணற்றடியிலிருந்து இரண்டு குடம் தூக்கினோம். உயர்ந்த சாப்பாட்டைத் தின்றவள் ஒரு குடத்தோடு பாதி வழியில் உட்கார்ந்துவிடுவாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் அம்மா பிரசவத்துக்குத் தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, என் தம்பி உயிரில்லாமல் பிறந்தான். பெரிய பிள்ளையாம். வெளியே வர முடியாமல் மூச்சு முட்டிவிட்டதாம். அம்மாவும் போய்விடுவாள் என்றுதான் நினைத்தார்கள். அத்தை அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பிறந்த வீட்டில் செல்லம் கொடுத்து வயிறு நிறையத் தின்ன வைத்ததால்தான் பிள்ளை பெருத்தது. பிறகு அந்தப் பிறந்த வீட்டிலும் பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டதால், இந்தத் தடவை பிரசவம் எங்கள் வீட்டில் என்று ஆனது. அத்தை முதல் மாதத்திலேயே அம்மாவின் சோற்றைப் பாதியாகக் குறைத்தாள். அவளும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருத்தி அரை வயிறாக இருக்கையில் எதிரே உட்கார்ந்து தின்ன அவளுக்கு மனம் வராது.

ஆடி மாதக் கடைசியில் சுகாதார நிலையத்து நர்ஸம்மா வந்தார். அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகங்களை அமுக்கிப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். அத்தை பெருமையாக, “அரிசிச் சோறு” என்றாள்.

நர்ஸம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. கீரை, கம்பு, கேழ்வரகு, வேர்க்கடலை, கருப்பட்டி, முடிந்தால் சுவரொட்டி என்று வரிசையாகச் சொன்னார். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். ரத்தம் ஊறும் என்று அதைத் தேடிப் போய் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு.

“நீங்க ஊசி போடுங்க, மாத்திரை குடுங்க, வேண்டாங்கல” என்றாள் அத்தை. “சோத்துப் பானைய நான் பாத்துக்கிடுதேன். ஒரு தடவ பட்டது போதும் தாயி.”

நர்ஸம்மா அவளிடம் வாதாடவில்லை. போகிறபோது அம்மாவை வேலிப் படல் வரை அழைத்துப்போய்த் தணிந்த குரலில் பேசினார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. “இந்த ரத்தத்தை வச்சுக்கிட்டுப் பெத்தா பிள்ளை பிழைச்சுக்கும்மா. நீ இருக்க மாட்டே.”

அம்மா சரி என்று தலையாட்டினாள். ஏதோ கடையில் சாமான் இல்லை என்று சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சிவகாசியில் அச்சாபீஸில் மிஷின் ஓட்டுகிறவர். பட்டாசுக் கட்டு லேபிள், காலண்டர், சாமி படம் எல்லாம் அவர் கை வழியாகப் போகும். நகக்கண்ணில் எப்போதும் சிவப்போ நீலமோ இருக்கும். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள் நர்ஸம்மா சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வந்தவர். அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே உறைந்துபோனதைப் பார்த்தேன்.

பெண் கொடுத்த வீட்டுக்காரன், சம்பந்தி வீட்டுச் சோற்றுப் பானையைப் பற்றி வாய் திறக்க முடியாது. திறந்தால், “எங்க வீட்ல ஒங்க அக்காளப் பட்டினி போடுதோம்னு சொல்லுதீகளா?” என்ற ஒரு கேள்வியில் உறவு முறிந்துவிடும். மாமாவுக்கு அது தெரியும். பருத்திக்காட்டைப் பார்த்து வருகிறோம் என்று சொல்லி அம்மாவையும் என்னையும் அழைத்துப் போனார்.

“அக்கா, ஒனக்கு ஆசை வந்திருக்கு” என்றார்.

“எனக்கென்னடா ஆசை?”

“கம்பங்களி. முருங்கக்கீர. அப்புறம் சுவரொட்டி.”

“சீ, அந்தக் கருமத்தையா?”

“அந்தக் கருமத்தத்தான். அதுவும் சிரிச்ச மொகமாத் திங்கணும். மொகஞ் சுளிச்சியோ, மதினி ஒரே பார்வையில கண்டுபிடிச்சிரும்.”

வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதை மறுத்தால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அளவுக்கு மீறித் தின்னக் கூடாது என்பதில் அத்தைக்கு எவ்வளவு உறுதியோ, ஆசையை மறுக்கக் கூடாது என்பதிலும் அவ்வளவு உறுதி. மாமா ஒரு நம்பிக்கையை இன்னொரு நம்பிக்கையின்மேல் ஏவிவிட்டார். ஆசையை ஆசைப்பட்டவளே நாத்தனாரிடம் சொல்வதும் வழக்கமில்லை. வீட்டுப் பிள்ளைகள் போய்ச் சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது.

அடுக்களை வாசலில் நின்று, “அத்த, அம்மாவுக்குக் கம்பங்களி ஆசையா இருக்காம்” என்றேன்.

அத்தை திரும்பிப் பார்த்தாள். “ஏழாம் மாசத்துல என்னளா மசக்க? பஸ்ஸத் தவற விட்டுட்டு நடந்து வந்துச்சோ?”

முற்றத்தில் மாமா தண்ணீர் குடித்துக்கொண்டே, “ஆசைக்கு மாசமா பஞ்சாங்கமா மதினி? வந்தா வந்ததுதான்” என்றார்.

“நெல்லுச்சோத்துக்காரிக்குக் களி மேல ஆச. நாளைக்கு மண்ணெண்ண கேப்பா.”

“கேட்டா அதையும் குடுங்க. நாளப்பின்ன பிள்ளைக்குக் காது வடிஞ்சா எங்களக் கேக்கப்படாது.”

அத்தை கம்பு மாவை எடுத்தாள். களியைக் கிண்டி, கீரையைக் கடைந்து, அம்மாவின் முன் வைத்துவிட்டு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஆசைப்பட்டவள் தின்கிற விதம் தனி. அதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கே புரிந்தது. அம்மா ஒரு உருண்டையை எடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. சிரித்தாள். இரண்டாவது உருண்டைக்கு அவள் இடது கை தரையில் கிடந்த பாயின் கோரையைப் பிடித்து முறுக்கியது. அத்தை பார்வை முகத்தில் இருந்தது, நல்லவேளை கையில் இல்லை. மாமா தூணைப் பார்த்தபடி ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார். யார் கேட்டார்கள் என்று தெரியாது.

மறுநாள் மாட்டுத் தொழுவத்தில் வைத்து அம்மாவுக்குக் களி தின்னச் சொல்லிக் கொடுத்தேன். உருண்டையில் பெருவிரலால் குழி பண்ண வேண்டும், குழியில் கீரையை அள்ள வேண்டும், நாக்கில் நிறுத்தாமல் உள்ளே விட வேண்டும். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மாவோ பரீட்சைக்குப் படிக்கிறவளைப்போலச் செய்தாள். “முத வாய்தான் எதிராளி. ரெண்டாவது வாய் தெரிஞ்ச ஆளு” என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். சில நாட்களில் மூன்றாவது வாய்க்கு முறுக்கப் பாய் தேவைப்படவில்லை. ஒரு தடவை நான் ஆசைப்பட்டதாகச் சொல்லி அத்தையிடம் கடலையும் கருப்பட்டியும் வாங்கி, வறுத்து இடித்து எனக்குக் கொடுத்து, பாதியை அவள் தின்றாள். மாவு அரைக்கும்போது பாட்டாக ஏதோ முனகினாள். அம்மாவுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

சுவரொட்டி மட்டும் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் மந்தையில் ஆடு உரிப்பார்கள். ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். அப்பா விடிவதற்குள் போய் நின்று அதை வாங்கி வருவார். எதற்கு என்று கேட்டுக்கொள்ள மாட்டார். அத்தை அதை உப்பும் மிளகும் தடவித் தணலில் வாட்டிக் கொடுப்பாள். அம்மா சிரித்துக்கொண்டே தின்பாள். கண் மட்டும் தளும்பி நிற்கும். அத்தை எழுந்து போனதும் உரலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாள். வாந்தி வந்துவிடக் கூடாது என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வரவில்லை. ஒரு தடவைகூட அவள் வர விடவில்லை.

புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. நாமம் போட்ட விளக்குக்கு முன்னால் அத்தை நோன்பு இருப்பாள். முட்டை ஓடுகூட முற்றத்தில் விழக் கூடாது. ஊரிலும் அந்த மாதம் ஆடு விழாது. மாமாவுக்குத் தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்ததால் வர முடியவில்லை. நர்ஸம்மா இரண்டாவது தடவை வந்து இமையை இழுத்துப் பார்த்து, “தேவலை. ஆனா போதாது. விட்டுறாதே” என்று சொல்லிவிட்டுப் போனார். களியும் கீரையும் தொடர்ந்தன. முதல் ஞாயிறு சுவரொட்டி இல்லாமல் போனது. “இந்த மாசம் கேக்கக் கூடாது, தெரியுதா? சாமி குத்தம்” என்று அம்மா என்னிடம் சொன்னாள். அவள் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

எனக்கு நிம்மதி இல்லை. படலருகே கேட்ட வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. அந்த வாரத்தில் ஒரு பிற்பகல், யாரும் அனுப்பாமல், நானாகவே அத்தையிடம் போய் நின்றேன்.

“அம்மாவுக்குச் சுவரொட்டி ஆசையா இருக்காம்.”

அத்தை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவி நின்றது. கையைக் கழுவினாள். என் மணிக்கட்டைப் பிடித்து விளக்குக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இங்கன பாரு. இது எந்த மாசம்?”

“புரட்டாசி.”

“இந்த மாசத்துல நான் அதத் தொட்டா எனக்கு என்ன ஆகும்னு தெரியுமா? பரவாயில்ல, எனக்கு ஆகட்டும். ஆனா பொய்க்காகத் தொட்டேன்னு வையி, அது வயித்துல இருக்கதுமேல விழும். இப்ப சாமிக்கு முன்னால சொல்லு. ஒங்கம்மாவுக்கு ஆசையா, ஒங்க மாமன் சொல்லிக் குடுத்ததா?”

ஆசை என்று பொய் சொன்னால் சாமி பிள்ளையை எடுத்துக்கொள்ளும். மாமா சொன்னார் என்றால் அம்மா இருக்க மாட்டாள். எட்டு வயதில் நான் போட்ட கணக்கு இவ்வளவுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் குறைந்தார்கள். விளக்கின் சுடர் அசையாமல் நின்றது. கடைசியில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

“அம்மா அதத் திங்கும்போது கண்ணுல தண்ணி வரும் அத்த.”

“எதுக்கு?”

“தெரியல. ஆனா சிரிப்பா.”

அத்தை என் கையை விட்டாள். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று முழுவதும் அவள் வீட்டில் பேசியது மாட்டோடு மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு காலையில் அத்தையைக் காணோம். சிவகாசி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அம்மாவுக்கு முகம் வெளுத்தது. விளக்குக்கு முன்னால் நடந்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. “அச்சாபீஸுக்குத்தான் போயிருக்காக. எந்தம்பிய நாலு பேருக்கு முன்னால நிக்க வச்சுக் கேக்கப் போறாக” என்றாள். களிச் சட்டி மூடியபடி இருந்தது. அவள் தொடவில்லை. வெயில் முற்றத்தைக் கடந்து தொழுவத்துக்குள் ஏறியது. அப்பா இரண்டு தடவை ரோட்டு வரை போய்ப் பார்த்துத் திரும்பினார். இனி மாமா இந்த வீட்டுப் படி ஏற மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஏறாவிட்டால் பிறகு என்ன என்பதை நான் யோசிக்காமலிருக்க முயன்றேன்.

அத்தை திரும்பி வந்தபோது வீட்டுக்குள் வரவில்லை. கொல்லையைச் சுற்றிக்கொண்டு போனாள். தொழுவத்துக்கு அப்பால் மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி பற்றவைத்தாள். பனையோலைக் கொட்டானிலிருந்து இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். தணலில் சுவரொட்டி சுருங்கும்போது முகத்தை மேற்கே திருப்பிக்கொண்டாள். பிறகு கூப்பிட்டாள்.

“ஏ பிள்ள, இங்கன வா.”

அம்மா நடந்த நடை எனக்கு ஞாபகம் இருக்கிறது. தண்டனை கேட்கப் போகிறவளின் நடை. இலையைக் கையில் வாங்கினாள். வழக்கம்போல முகத்தில் சிரிப்பைக் கொண்டுவந்தாள்.

“சிரிக்கவெல்லாம் வேண்டாம்” என்றாள் அத்தை. “தின்னாப் போதும்.”

அம்மா தின்றாள். அன்று அவள் அழுதது வேறு மாதிரி இருந்தது, சத்தத்தோடு. அத்தை முதுகைத் தடவிக் கொடுக்கவில்லை. தொட்டால் தீட்டு என்றோ என்னவோ, சற்றுத் தள்ளி நின்று, “மெதுவா, மெதுவா. அம்புட்டையும் ஒரே வாயிலயா போடுவ?” என்று அதட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு விளக்குக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். மீதிப் புரட்டாசி ஞாயிறுகளிலும் அந்தக் கொல்லையில் புகை எழுந்தது. மாமாவை அவள் பார்க்கவே போகவில்லை என்பது தீபாவளிக்கு அவர் வந்தபோது தெரிந்தது.

கார்த்திகையில் அந்த நாள் வந்தபோது என்னைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தார்கள். விடிந்ததும் ஓடி வந்தேன். கொல்லையில் அத்தை துணி அலசிக்கொண்டிருந்தாள். வாய்க்காலில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. கடலைச் செடிப் பாத்தி வரை சிவப்பு. உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நர்ஸம்மாவும் சொல்லியிருந்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

நர்ஸம்மா கை துடைத்தபடி வெளியே வந்தார். “ரொம்பப் போயிடுச்சு. ஆடியில பாத்த உடம்பா இருந்தா...” என்று சொல்லி நிறுத்தினார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பஞ்சுபோல மெலிந்த குரல்.

“மதினி, பசிக்குது.”

அம்மா பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை. அத்தை அலசிய துணியைக் கீழே போட்டாள். எழுந்து போவாள் என்று பார்த்தேன். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பெத்துப்போட்ட மறு நிமிசம் பசிக்குதாம்ல! என்னளா வேணும் ஒனக்கு?” என்று அங்கிருந்தே கத்தினாள்.

“களி இருக்கா?”

“களியா? பத்தியக்காரிக்குக் களி கேக்குதோ! நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்” என்றாள் அத்தை. திட்டிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா எங்கேயோ பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

தங்கை பெருத்த பிள்ளையும் அல்ல, நோஞ்சானும் அல்ல. அந்த ஆண்டுக்குப் பிறகு எங்கள் வீட்டில் தனியாக அரிசி பொங்கவில்லை. எல்லாருக்கும் ஒரே பானை, ஒரே நேரம். அம்மா அத்தைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. நான் வளர்ந்த பிறகும், புரட்டாசி வந்தால் அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பில்லாக் கஞ்சி குடித்தாள். சனிக்கிழமை விரதம் ஊருக்கே உண்டு. ஞாயிறு விரதம் எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அவள் உப்புப் போட மறந்துவிடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு தடவை நல்லது செய்வதாக நினைத்துக் கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி வைத்தேன். அத்தை அதைத் தொட்டு நாக்கில் வைத்தாள். திட்டவில்லை. கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு அன்று பட்டினி கிடந்தாள். எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பின்னாளில் விசாரித்தேன். அத்தை அப்போது உயிரோடு இல்லை. கணவன் இறந்த ஆண்டிலிருந்தே அந்த விரதம் உண்டு என்றார் அப்பா. இல்லவே இல்லை, 1963இல்தான் தொடங்கினாள் என்றார் மாமா. அம்மாவிடம் கேட்டபோது அவள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். 1962க்கு முந்திய புரட்டாசிகளில் எங்கள் வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த விரதம் எந்த ஆண்டு தொடங்கியது என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.